தோட்ட எல்லையும் பாடசாலை வலயமும்: ருவான்வெல்லைத் தமிழ்ப் பாடசாலைகள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு பிரதேசத்தில் பாடசாலைகள் பல இருத்தல் மாத்திரம் அங்குக் கல்வி அமைப்பொன்று உண்டெனக் கூறுதற்குப் போதியதன்று. ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை அடுத்து எங்கே செல்லும்? அங்கிருந்து க.பொ.த. சாதாரண தரத்திற்கும் உயர்தரத்திற்கும் எவ்வழியே செல்லும்? அவ்வழி நாள்தோறும் சென்று மீளத்தக்க தூரத்தில் உள்ளதா, அப்பிள்ளையின் மொழியில் உள்ளதா? இவ்வினாக்களுக்கு விடை இருக்கும்போதே தனித்தனிப் பாடசாலைகள் ஓர் அமைப்பாகின்றன. பெருநகரங்களில் இவ்விடை பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடுகின்றது. கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைப் பகுதியில் இறப்பர்த் தோட்டங்களைச் சார்ந்து எழுந்த தமிழ்ப் பாடசாலைகளை இவ்வினாக்களுடன் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிருவாக நோக்கில் விடை எளிது. சபரகமுவ மாகாணத்தின் ஏழு கல்வி வலயங்களுள் ஒன்றாகிய தெஹியோவிட்ட வலயத்தில் ருவான்வெல்லை ஒரு கோட்டம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர், தேசிய பாடசாலைகள் நீங்கலாக ஏனையவை மாகாண சபையின் பொறுப்பில் வந்தன. வலயங்களும் கோட்டங்களும் அதற்கமைய உருவாயின. ஆயினும் இவ்வலயத்தை அமெரிக்க நகரங்களிற் காணப்படும் பாடசாலை மாவட்டத்துடன் ஒப்பிடுதல் பொருந்தாது. அங்கே பெரும்பாலும் மக்கள் தெரிவு செய்யும் சபையொன்று பாடசாலைகளை நடத்துகின்றது. அவ்வூர்ச் சொத்து வரியின் ஒரு பங்கு அதற்குச் சேர்கின்றது. நமது வலயத்திற்கோ வரி விதிக்கும் உரிமையுமில்லை, தெரிவு செய்யப்பட்ட சபையுமில்லை. ஏற்கெனவே இருந்த பாடசாலைகளின் மேல் பின்னர் வரையப்பட்ட கோடு அது. எனவே, கோடு வரையப்படுமுன் அப்பாடசாலைகள் எவ்வாறு அவ்விடங்களில் தோன்றின என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரித்தானிய ஆட்சியினர் ஆரம்பக் கல்வி குறித்து இரு சட்டங்களை இயற்றினர். 1906ஆம் ஆண்டின் நகரப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் நகரப் பிள்ளைகளின் தாய்மொழிக் கல்வியை உள்ளூர்ச் சபைகளின் பொறுப்பாக்கிற்று. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் கிராமங்களில் அப்பணிக்குப் பாடசாலைக் குழுக்களை ஏற்படுத்திற்று. அதே சட்டம் தோட்டங்களுக்கெனத் தனிப்பகுதி ஒன்றை வகுத்து, ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிப்பதைத் தோட்ட அத்தியட்சகரின், அதாவது துரையின், கடமையாக்கிற்று. நகரத்திற்குச் சபை, கிராமத்திற்குக் குழு, தோட்டத்திற்குத் துரை என்னும் இப்பாகுபாட்டை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தொழிலாளியின் உழைப்பால் இலாபம் ஈட்டும் நிறுவனத்தின் முகாமையாளரே அவன் பிள்ளையின் கல்விக்கும் பொறுப்பாளராயினார். பிரதேசத்திற்கொரு கல்வித் திட்டம் என்னும் எண்ணம் தோட்ட எல்லையிலே நின்றுவிட்டது.

இதன் விளைவு பாடசாலை அமைந்த இடத்திலேயே புலனாகும். அதன் இடத்தைத் தீர்மானித்தவை பிரட்டுக்களமும் லயங்களும் பிள்ளைமடுவமுமே. அயற்றோட்டத்துப் பிள்ளைகளின் தொகையோ பிரதான வீதியோ கருதப்படவில்லை. தடுப்புச் சுவரற்ற ஒற்றை மண்டபம், அதில் ஐந்து வகுப்புகள், அவ்வைந்துக்கும் ஓராசிரியர் என்பதே பழைய தோட்டப் பாடசாலையின் பொது வடிவம். அவ்வாசிரியரே தொழிலாளர்க்குக் கடிதம் எழுதுபவராயும் மனு வரைபவராயும் திருவிழாவில் முன்னிற்பவராயும் விளங்கினார். அக்காலத் தோட்ட ஆசிரியரைக் குறைகூறும் ஆய்வாளர் பலர் இப்பணிகளைக் கணக்கிலெடுப்பதில்லை என்பது எமது கருத்து.

ருவான்வெல்லைக்குரிய சிறப்பியல்பு இறப்பராலும் நிலவமைப்பாலும் வந்தது. குருகொட ஓயா களனி கங்கையுடன் கூடும் இப்பகுதியும் அயலிலுள்ள யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டப் பகுதிகளும் களனிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. 1903இல் யட்டியாந்தோட்டை வரை நீண்ட இருப்புப்பாதை இப்பள்ளத்தாக்கின் தோட்டப் பொருளாதாரத்திற்குத் துணையாயிற்று. அட்டனைச் சூழ்ந்த மலைகளிலே தேயிலைத் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. ஆகவே ஒரு நகரப் பாடசாலை பல தோட்டங்களின் பிள்ளைகளை ஈர்க்க முடிகின்றது. இங்கோ இறப்பர்த் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களினிடையே சிதறிக் கிடக்கின்றன. ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் அடுத்த தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்குமிடையே கிராமம், வயல், ஓடை ஆகியன குறுக்கிடுகின்றன. ஒவ்வொரு தோட்டத்திலும் பிள்ளைகள் சிலரே. எனவே ஒவ்வொரு பாடசாலையும் சிறிது.

தொழிலின் நேரமும் இதனுடன் சேர்கின்றது. குளிர்ந்த காலைப் பொழுதிலேயே இறப்பர்ப்பால் நன்கு சுரப்பதால், பால் வெட்டுவோர் விடியலிலே மலைக்குச் செல்வர். பாடசாலைக்குப் பிள்ளையை எழுப்பி அனுப்பத் தாய் வீட்டில் இராள். சிரட்டைகளிற் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றும் வேளையில் சற்று வளர்ந்த பிள்ளையின் கை உதவும். மழை பெய்தால் வெட்டில்லை; வெட்டில்லையேல் அன்றைய வருமானமும் குன்றும். வரவு இடாப்பிலே காணப்படும் வெற்றிடங்களுக்குப் பெற்றோரின் அறியாமையைக் காரணங்காட்டுவோர் இவ்வேலை நேரத்தையும் நோக்குதல் நன்று.

1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டம் நாட்டின் கல்வி வரலாற்றில் திருப்புமுனையாயிற்று. ஆனால் ஐந்தாம் வகுப்புடன் முடியும் தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு, இலவசமாக்கப்பட்ட இடைநிலைக் கல்வியின் வாயிலே அருகில் இருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்பதற்கு 1947ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழிவகுத்த போதிலும் ஒரு சிலவே ஏற்கப்பட்டன. 1960, 1961ஆம் ஆண்டுகளிலே உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன.

இப்புறக்கணிப்பிற்கு அரசியற் காரணம் தெளிவாக உண்டு. 1936இல் அரசாங்க சபைக்கு ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்து தெரிவானவர் என். எம். பெரேரா, 1947இலும் அவரே இத்தொகுதியில் வென்றார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை அவர் சார்ந்த லங்கா சமசமாஜக் கட்சி எதிர்த்தது. எனினும் அச்சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரின் வாக்குரிமையை அகற்றின. இடதுசாரித் தலைவரொருவரின் தொகுதியிலேகூடத் தோட்டப் பெற்றோர் வாக்காளராக நின்று பாடசாலை கேட்கும் நிலை இல்லாதொழிந்தது. பின்னர் 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பங்கள் இந்தியா சென்றன. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் சபரகமுவத் தோட்டங்களிலிருந்து வேறு பலர் வன்னி சென்றனர். சிறிய பாடசாலைகள் மேலுஞ் சிறுத்தன.

1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டதைத் தொடர்ந்து, 1977 முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசுடைமையாயின. ஆசிரியர் அரச ஊழியராயினர், பாடத்திட்டம் ஒன்றாயிற்று, பின்னர் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் பல எழுந்தன. இவை பெருமாற்றங்கள் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் பொறுப்பு மாறியபோது இடம் மாறவில்லை. துரை வகுத்த எல்லைக்குள் எழுந்த பாடசாலை அவ்வெல்லைக்குள்ளேயே வலயப் பாடசாலையாயிற்று.

நமது நாட்டில் 1ஏபி, 1சி, 2, 3 எனப் பாடசாலைகள் வகைப்படுத்தப்படுகின்றன. விஞ்ஞானம் உட்பட உயர்தரப் பிரிவுகள் உள்ளவை 1ஏபி. கலை, வர்த்தகப் பிரிவுகளுடன் அமைபவை 1சி. பதினோராம் தரம் வரை செல்பவை 2. கீழ் வகுப்புகளுடன் முடிபவை 3. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை இறுதி இரு வகைகளுள் அடங்கும். ஒரு வலயத்திலே சிங்களம், தமிழ் என இரு மொழிகளிலும் பாடசாலைகள் இருக்கையில், மொத்தத் தொகையை நோக்குவோர்க்கு எல்லா வகையும் அங்கு உண்டு எனத் தோன்றும். தமிழ்மொழிப் பாடசாலைகளை மாத்திரம் பிரித்து நோக்கின் ஏணியின் மேற்படிகள் அரிதாகின்றன. விஞ்ஞானப் படி எல்லாவற்றிலும் அரிது.

ஆறாம் தரத்திலே பிள்ளைமுன் உள்ள வழிகள் சில. தொலைவிலுள்ள தமிழ்ப் பாடசாலைக்குப் பேருந்தில் செல்லலாம். ஆனால் தோட்டத்துப் பாதையிலிருந்து பிரதான வீதிக்கு முதலில் நடத்தல் வேண்டும். உறவினர் வீட்டில் தங்கிப் பயிலலாம். அயலிலுள்ள சிங்களமொழிப் பாடசாலையிற் சேரலாம். இதனைத் தேர்ந்து முன்னேறியோர் உளர், அவர்தம் பெற்றோரை மொழிப்பற்று அற்றவர் எனப் பழித்தல் நியாயமன்று. நான்காவது வழி படிப்பை நிறுத்துதல்.

அண்மைக் காலத்தில் மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளை இணைத்தல் பற்றி நாடளாவிய நிலையிற் பேசப்படுகின்றது. சிதறிய சிறு பாடசாலைகள் பலவற்றினும் முழு வசதியுள்ள தமிழ்ப் பாடசாலை ஒன்று மேலென்பது கருதத்தக்கதே. அவ்வாறாயின் ஆரம்ப வகுப்புகளைத் தோட்டத்திலேயே நிறுத்தி, ஆறாம் தரம் முதலான வகுப்புகளைப் பேருந்து செல்லும் வீதியோரத்தில் ஒன்றுகூட்டி, ஊர்தி ஒழுங்கையும் முன்கூட்டியே செய்தல் வேண்டும். ஆரம்பப் பாடசாலையை மூடி இணைத்தால் ஆறு வயதுப் பிள்ளையும் அந்நெடுவழி நடக்க நேரும்.

இதனைத் தீர்மானிப்போர் எந்த எண்ணிக்கையை மேசைமீது வைத்துக்கொள்வர் என்பதே கவனத்திற்குரியது. பாடசாலை இடாப்பு அங்கு வருவோரையே காட்டும். ஐந்தாம் தரத்தை முடித்து எந்த இடாப்பிலும் பெயரின்றிப் போனவர் எத்தனைபேர் என்பதைத் தோட்டந்தோறும் வீடுவீடாகச் சென்றே அறியலாம். வலயப் படத்திலே புதிய கோடு வரையுமுன் செய்யவேண்டிய வேலை அது.