புறநகர் ஆடுகளம் – 7: மரிய இருதயத்துக்குப் பின் யார்?

1996-ஆம் ஆண்டுக்கான தேசிய விளையாட்டு விருதுகளில் மேஜையில் ஆடும் இரண்டு ஆட்டங்களின் ஆட்கள் ஒன்றாக இடம்பெற்றார்கள். ஒருவர் பில்லியர்ட்ஸின் வில்சன் ஜோன்ஸ். 1958-இல் கல்கத்தாவிலும் 1964-இல் நியூசிலாந்திலும் உலக அமெச்சூர் பட்டம் வென்றவர், தனிநபர் ஆட்டம் ஒன்றில் உலக சாம்பியனான முதல் இந்தியர். அவருக்குத் துரோணாச்சாரியா விருது. இன்னொருவர் சென்னைக்காரர், கேரம் ஆட்டக்காரர் மரிய இருதயம். அவருக்கு அர்ஜுனா விருது. ஜோன்ஸ் அர்ஜுனா விருதையும் பத்மஸ்ரீயையும் 1960களிலேயே வாங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் மைக்கேல் ஃபெரேரா, ஓம் அகர்வால், கீத் சேத்தி என்று அந்த ஆட்டத்தில் விருது வாங்கியோரின் வரிசை நீண்டது. கேரத்தில் முதல் அர்ஜுனா இருதயத்துக்குக் கிடைத்தது. அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாக இரண்டாவது பெயர் வரவே இல்லை. கேரம் உலகத்தில் அவர்மேல் இருக்கும் பிரியமும் மரியாதையும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ‘கேரத்துக்கு ஒரே அர்ஜுனா’ என்று அவரைப் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் நாம் ஓர் அநியாயத்துக்கும் சேர்த்துக் கைதட்டுகிறோம் என்பது என் எண்ணம். அந்த ‘ஒரே’ அவருடைய சாதனை அல்ல. அது நம் விளையாட்டு நிர்வாகத்தின் கணக்கில் எழுத வேண்டியது.

அவர் ஆடியதை முதலில் பார்த்துவிடலாம். ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1991-இல் டெல்லியில் நடந்த முதல் உலக சாம்பியன் போட்டியில் பட்டம், 1995-இல் கொழும்பில் மறுபடியும் பட்டம். உலகப் போட்டி என்ற ஒன்று வருவதற்கே சென்னைக்குப் பங்கு உண்டு. பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988-இல் இங்கேதான் அமைக்கப்பட்டது, பல நாடுகளிலும் பல மாதிரியாக ஆடிக்கொண்டிருந்ததற்கு ஒரே விதிமுறை வந்தது. அந்த விதிமுறைப்படி ஆடிப் பார்க்காதவர்களுக்குத்தான் கேரம் சுலபமான ஆட்டம். காயின் குறுக்களவு மூன்று சென்டிமீட்டரை ஒட்டி, பையின் வாய் நாலரை சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆக, தவறுவதற்கு இருக்கும் இடம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள். ஐந்து கிராம் சொச்சம் எடையுள்ள காயைப் பதினைந்து கிராமுக்கு மிகாத ஸ்டிரைக்கர் தள்ள வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் பதினைந்தே விநாடி. ஸ்னூக்கர் ஆடுபவர் மேஜையைச் சுற்றி வரலாம், குனிந்து கோணம் பார்க்கலாம், வசதியான பக்கத்தில் போய் நின்றுகொள்ளலாம். கேரம் ஆடுபவர் உட்கார்ந்த நாற்காலியை நகர்த்தக்கூட முடியாது. போர்டின் நாலு மூலையில் எங்கே காய் கிடந்தாலும் தன் பக்கத்து இரட்டைக் கோட்டுக்குள் இருந்தே, உட்கார்ந்த உட்காரலிலேயே அதை எடுக்க வேண்டும். பின்னால் கிடக்கும் காய்க்குக் கட்டைவிரல் அடி, மறைந்து நிற்கும் காய்க்கு ரீபவுண்ட், சிவப்புக் காயான ரெட்டைப் போட்டால் உடனே இன்னொரு காயைப் போட்டு ஃபாலோ. ஆட்டத்தைத் தொடங்கியவர் எதிராளிக்கு வாய்ப்பே தராமல் ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் ஒரே மூச்சில் போட்டு முடிப்பது ஒயிட் ஸ்லாம். இந்தக் கெடுபிடிக்குள் ஒன்பது தேசியப் பட்டம், இரண்டு உலகப் பட்டம் என்றால் அது எத்தனை ஆண்டு உழைப்பு என்பதை ஆடுபவர்கள் அறிவார்கள்.

சரி, இருதயம் பெரிய ஆட்டக்காரர்தான், அதற்காகக் கேரத்துக்கு விருது மேல் விருது தர முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் முதலில் சொல்வது, கேரம் ஒலிம்பிக்கில் இல்லை, ஆசியப் போட்டியில் இல்லை என்பது. கேட்டவுடன் நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் பில்லியர்ட்ஸுக்கு இந்த அளவுகோலை வைத்தார்களா? அந்த ஆட்டம் ஆசியப் போட்டிக்குள் வந்ததே 1998-இல், பாங்காக்கில். 2010-க்குப் பிறகு அங்கிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஒலிம்பிக்கில் அது இருந்ததே இல்லை. ஆனால் ஜோன்ஸுக்கு அர்ஜுனா வந்தது பாங்காக்குக்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்னால். நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதான கேல் ரத்னா, செஸ்ஸில் விஸ்வநாதன் ஆனந்துக்குக் கிடைத்த அடுத்த தவணையிலேயே, 1992-93-க்கு, கீத் சேத்திக்குப் போனது. அதுவும் பாங்காக்குக்கு முன்னால்தான். இவர்களில் ஒருவருக்குக்கூடத் தகுதிக் குறைவாக விருது கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. அத்தனை பேரும் அப்பழுக்கில்லாத சாம்பியன்கள். அவர்களுக்குப் பொருந்தாத நிபந்தனை கேரம் போர்டின் முன்னால் மட்டும் எப்படி முளைத்தது என்பதே கேள்வி.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கேரத்தை உண்மையாகப் போட்டி போட்டு ஆடும் நாடுகள் கொஞ்சம். இந்தியா, இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம் என்று தெற்காசியாவுக்குள் பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிடும், ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருபவர்களில் பலர் இங்கிருந்து போய்க் குடியேறியவர்களே என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, மறுக்கப் போவதில்லை. உலகப் பட்டம் என்ற சொல்லை வைத்து மட்டும் கேரத்தைத் தடகளத்தோடு ஒப்பிட்டால் அது நேர்மை ஆகாது. ஆனால் 1950களில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸுக்கு வந்தவையும் விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே. பிரிட்டனும் அதன் ஆட்சி நடந்த இடங்களும். அங்கே நாடுகளின் எண்ணிக்கையை யாரும் குறையாகப் பார்க்கவில்லை. தவிர, ஓர் ஆட்டத்தில் போட்டி எவ்வளவு கடுமை என்பதைக் கொடிகளை எண்ணி மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. எத்தனை பேரைத் தாண்டி ஒருவர் மேலே வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு அடி நீளமும் ஆறு அடி அகலமும் கொண்ட பில்லியர்ட்ஸ் மேஜையைத் தொட்டுப் பார்த்த இந்தியர் எத்தனை பேர், கேரம் போர்டில் விரல் வைக்காத இந்தியர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் போதும். இந்தியாவில் தேசியக் கேரம் பட்டம் வாங்குவது மிகப் பெரிய கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே வருவது.

இந்த வேறுபாட்டுக்கு ஆட்டத்தின் தரம் காரணம் இல்லை என்றால், அது ஆடப்பட்ட இடம்தான் காரணமாக இருக்க முடியும். பில்லியர்ட்ஸ் மேஜையிலேயே ஆடும் ஸ்னூக்கர் 1875-இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகளின் விடுதியில் பிறந்தது. அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பின் சுவரில். அதிகாரிகளும் ஆலை முதலாளிகளும் கூடிய இடங்களில் வளர்ந்ததால், அதை விளையாட்டா பொழுதுபோக்கா என்று கேட்க அதிகாரத்தில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆட்டக்காரர்களுக்குத் தம் உரிமையைக் கேட்டு வாங்கும் தெம்பும் இருந்தது. 1981-இல் தனக்கு அறிவித்த பத்மஸ்ரீயை ஃபெரேரா ஏற்க மறுத்தார். கிரிக்கெட்டில் கவாஸ்கருக்குப் பத்மபூஷண் என்றால் உலகப் பட்டம் வென்ற தனக்கும் அதுவே வேண்டும் என்றார். 1983-இல் அதை வாங்கியும் விட்டார். அவர் கேட்டது சரி. வடசென்னையின் வியாசர்பாடியிலிருந்து போய் அப்படிக் கேட்க முடிந்திருக்குமா? கேரம் வளர்ந்தது தெருமுனை மன்றத்திலும் குடிசைமாற்று வாரியக் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழும். வேலையில்லாத பையன்கள் கூடும் இடம், பந்தயம் கட்டும் இடம், போலீஸ் வந்து எட்டிப் பார்க்கும் இடம் என்ற பார்வை அதன்மேல் படிந்துவிட்டது. ‘வடசென்னை’ படத்தில் கேரம் ஆட்டக்காரனின் கதை சிறைச்சாலைக்குள் போய்ச் சேர்ந்ததைப் பார்வையாளர்கள் இயல்பாக ஏற்றுக்கொண்டதற்கும் அந்தப் பார்வை ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பந்தயம் கட்டுவது நடந்ததே இல்லை என்று வாதாட வேண்டியதில்லை. பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றியும் பணம் கைமாறியது. அங்கே ஆட்டத்தின்மேல் பழி விழவில்லை.

2008-இல் பிரான்சின் கான் நகரில் உலக சாம்பியனான இளவழகி வியாசர்பாடிப் பெண், மூன்று சக்கர வண்டி ஓட்டியவரின் மகள். அவருக்குக் கிடைத்த ஆதரவு எவ்வளவு குறைவு என்று பத்திரிகைகள் பல ஆண்டுகள் எழுதின. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டை, ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவருக்குத் தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் தந்தது. அடுத்த ஆண்டு மாலத்தீவில் வென்ற கீர்த்தனா காசிமேடு. இருதயம் இட்டுத் தந்த பாதையில் நடந்தவர்கள் இவர்கள். ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளராகவும் கேரத்தோடே அவர் இருந்தார். அரசு இப்போது கோடி கொடுக்கிறதே, இன்னும் என்ன குறை என்று கேட்கலாம். இளவழகியின் நிலைமையோடு வைத்துப் பார்த்தால் இது பெரிய மாற்றம், மனமாரப் பாராட்ட வேண்டியது. ஆனாலும் பரிசு ஜெயித்த பிறகு வருவது. ஜெயிப்பதற்கு முந்திய பத்து வருடம் ஒரு பிள்ளைக்கு வேண்டியது சமமான பலகை, நல்ல வெளிச்சம், தன்னைவிட நன்றாக ஆடும் எதிராளி, ஒரு பயிற்சியாளர். இந்த நான்கும் வடசென்னையில் சில மன்றங்களில் கிடைத்தன. அந்த மூன்று பெண்களின் முகவரிகளும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பது தற்செயல் இல்லை.

இந்தத் தொடர் பேசும் சென்னையின் தெற்குப் புறநகருக்கு இதில் நேரடியான சங்கதி இருக்கிறது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் சேர்த்து எழுபது வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி உருவானது. மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஷிஃப்ட் பார்ப்பவர்களும், அனகாபுத்தூர் நெசவாளர்களும், ஜி.எஸ்.டி. சாலைக் கடைகளில் வேலை பார்ப்பவர்களும் வாழும் பகுதி. வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் இருக்கும் அதே உழைக்கும் குடும்பங்கள். வித்தியாசம், இங்கே மனை விலை ஏறிய வேகத்தில் காலி இடங்களோடு மன்றங்களுக்கான இடமும் சுருங்கிவிட்டது. விளையாட்டு என்றால் மைதானம் வேண்டும், மைதானத்துக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும், நிலம் இல்லை என்று பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. கேரத்துக்கு ஏக்கர் வேண்டாம். ஆடும் பரப்பு பக்கத்துக்கு எழுபத்து நான்கு சென்டிமீட்டர். நாலு போர்டும் நாலு விளக்கும் நாற்காலிகளும் ஒரு வகுப்பறைக்குள் அடங்கிவிடும். மாலையில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளி அறையோ சமுதாயக் கூடத்தின் ஒரு மூலையோ போதும். பெண்பிள்ளைகளைத் தெருமுனை மன்றத்துக்கு அனுப்பத் தயங்கும் வீட்டார் பள்ளிக்கூடத்துக்குள் நடக்கும் பயிற்சிக்கு அவ்வளவு தயங்க மாட்டார்கள். அண்மையில் இந்த நகரத்துக்கு வந்த உலகப் பட்டங்கள் பெண்கள் கொண்டுவந்தவை என்பதால் இது முக்கியம்.

படிக்கும் பிள்ளையைக் கேரத்தில் உட்கார வைப்பதா என்ற தயக்கம் பெற்றோரிடம் இருக்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரியைப் பார்க்கும் வீடுகளில் அந்தப் பயம் இயற்கையானது, அதைக் குறை சொல்ல மாட்டேன். செஸ்ஸுக்கும் இதே பயம் இருந்தது. 1961-இல் அர்ஜுனா விருது தொடங்கிய முதல் ஆண்டிலேயே சென்னை மானுவல் ஆரோனுக்கு அதைக் கொடுத்தார்கள். பிறகு ஆனந்த் வந்தார். இன்று தெற்குப் புறநகரில் பிள்ளையைச் செஸ் வகுப்பில் சேர்ப்பது படிப்புக்குப் பகை என்று எந்த அப்பாவும் சொல்வதில்லை. வரிசையாக வந்த அங்கீகாரம் பெற்றோரின் மனத்தை மாற்றியது. கேரத்தில் 1996-இல் ஒரு பெயரோடு அது நின்றது. மூன்று உலகப் பட்டங்களுக்குச் சொந்தக்காரரான பீகாரின் ரஷ்மி குமாரி அந்தப் பட்டியலில் ஏன் ஏறவில்லை, இளவழகி ஏன் ஏறவில்லை என்ற கேள்விக்கு விளையாட்டு அமைச்சகம் பதில் சொல்லியாக வேண்டும். இருதயத்தைக் கொண்டாடும் ஒவ்வொரு மேடையிலும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். தாம்பரத்தில் கேட்க வேண்டியது வேறு: எழுபது வார்டுகளில் எத்தனை பள்ளி அறைகளை மாலை ஆறு மணிக்குப் பின் திறந்து வைக்கப் போகிறார்கள்?