திருகும் காதும்

மலேசியாவின் மலாக்காவில், ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் பால்மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவே செம்மண் பாதையில் மாடாய் உழைத்த வண்டி கப்சாய் என்னும் சிறிய மோட்டார் சைக்கிள்தான். ஹோண்டா 1958இல் ஜப்பானில் இறக்கிய கப் வண்டியின் வழிவந்தது. அதன் கார்புரேட்டரைச் சரிசெய்ய மீட்டர் வேண்டாம். ஸ்குரூடிரைவரும் பழகிய காதும் போதும்.

இன்ஜின் சூடானதும் கைப்பிடியைத் தொடாமல் கலவைத் திருகை மட்டும் மெல்லத் திருப்புவார்கள். சத்தம் ஏறும், ஓர் உச்சத்தைத் தொடும், பிறகு தளரும். தளர்ந்ததும் உச்சத்துக்கே திரும்பி வந்து நிறுத்துவார்கள். வித்தை போலத் தெரியும். உள்ளே நடப்பது சுத்தமான அளவையியல். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். ஆனால் பிஸ்டனுக்கு அதிக உதை கிடைப்பது பெட்ரோல் கொஞ்சம் தூக்கலாக, 13 கிராம் காற்றுக்கு அருகே இருக்கும்போதுதான். உதை கூடினால் சுற்று கூடும். ஆக, மீட்டர் வேலையை இன்ஜினே பார்க்கிறது.

அதைக் காது எப்படிப் பிடிக்கிறது? நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, நொடிக்குப் பன்னிரண்டரை. நொடிக்கு 20க்குக் கீழே வரும் துடிப்புகளைக் காது ஒரே ஸ்வரமாகச் சேர்ப்பதில்லை; தனித்தனி அடியாகவே கேட்கிறது. கப்சாய் நின்றபடி ஓடும்போது நாம் கேட்பது தாளம்.

1985இல் வந்த புரோட்டோன் சாகா காருக்கு நான்கு சிலிண்டர். 750 சுற்றில் நொடிக்கு 25 வெடிப்பு; அது ரீங்காரமாகிவிடும். ஒரு பிளக் செத்தால் நொடிக்கு ஆறு முறை ஓட்டை விழும். உறுமி மேளக் குழுவில் ஒருவர் அடியை விட்டதுபோல, இசை தெரியாதவருக்கும் உறைக்கும்.

மேட்டில் ஏறும்போது கேட்கும் ‘டிக் டிக்’, அதாவது நாக், வேறு சங்கதி. கலவை தானாகவே பற்றிக்கொண்டு, சிலிண்டருக்குள் அழுத்த அலைகள் மோதுகின்றன. கார் இன்ஜின்களில் பெரும்பாலும் நொடிக்கு 6,000 முதல் 8,000 அதிர்வு. காதுக்கு எட்டும் எல்லைக்குள்தான். நாக் சென்சார் ஒட்டுக்கேட்பதும் இதையே.

ஆனால் காதுக்கு ஒரு சார்பு உண்டு. பலத்தைத் தேடும், புகையின் சுத்தத்தைத் தேடாது. கார்பன் மோனாக்சைடுக்குச் சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. அதற்காகத்தான் 1976இல் வோல்வோ கார்களில் போஷின் ஆக்சிஜன் சென்சார் வந்தது. 2003 முதல் இதே அலோர் காஜாவின் பெகோவில் ஹோண்டா கட்டும் கார்களிலும் கணினி பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டுகிறது, கூடிப்போனால் குறைக்கிறது, மறுபடி கூட்டுகிறது. திருகைத் தாண்டவிட்டுத் திரும்பும் அதே முறைதான். தேடுவது மட்டும் 14.7.

வெடிப்பு தவறினால், கிராங்க் தண்டின் சுழற்சியில் விழும் கணநேரத் தளர்வைக் கணினி எண்ணும். தவறுதல்கள் போதுமான அளவு சேர்ந்த பிறகே எச்சரிக்கை விளக்கை எரியவிடும். இருக்கையின் அதிர்வைக் கவனித்து ஓட்டுபவருக்குச் செய்தி முன்பே வந்திருக்கும்.