சாதிக்குள் மணம்: மரபணு சொல்லும் சாட்சியம்

சாமளாபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைதான் விசைத்தறிச் சத்தம் கொஞ்சம் அடங்கும். மாணவர்களோடு உட்கார்ந்து பேச நமக்குக் கிடைக்கும் நேரம் அது. அண்மையில் அப்படி ஒரு மாலையில், கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். அவருடைய அக்காவைத் தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கவில்லை. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதானாம்: “சொந்தத்துல கட்டுனீங்களா?”

இதைச் சொல்லிவிட்டு அந்த மாணவி நம்மைப் பார்த்துக் கேட்டார்: “ஏனுங்கண்ணா, சொந்தத்துல கட்டாதீங்கன்னு டாக்டரு சொல்றாருங்க. சாதியைத் தாண்டிக் கட்டுனா வெட்டறாங்க. அப்பறம் நாங்க யாரைத்தானுங்க கட்டறது?”

முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு யாரும் பேசவில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தின் அருகே, பட்டப்பகலில், பலர் பார்க்க, பொறியியல் மாணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டது இதே திருப்பூர் மாவட்டத்தில்தான். அவர் தலித். அவர் மணந்த கௌசல்யா வேறு சாதி. சங்கர் செய்த ‘குற்றம்’ அவ்வளவுதான்.

மாணவியின் கேள்விக்கு அன்று பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறோம். அம்பேத்கர் நூறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன பதிலை இன்றைய மருத்துவ மரபணுவியல் ரத்தச் சாட்சியத்தோடு மறுபடியும் சொல்கிறது.

முதலில் மருத்துவர் கேட்ட கேள்வியைப் பார்ப்போம். நம் உடலில் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன. ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தந்தையிடமிருந்து வந்தது. நூலைத் தொட்டுப் பிழைக்கும் ஊரில் இதைப் புரிந்துகொள்வது எளிது. இரண்டு இழைகளை முறுக்கி ஒன்றாக்கிய நூலை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் இழை நைந்திருந்தாலும் இன்னொன்று தாங்கிக்கொள்ளும். நூல் அறாது, துணியிலும் தெரியாது. ஒரே இடத்தில் இரண்டு இழையும் நைந்திருந்தால்தான் நூல் அறும்.

மனிதராகப் பிறந்த எல்லோரிடமும் இப்படி நைந்த இழைகள் சில உண்டு. ஏழை, பணக்காரர், மேல், கீழ் என்ற வேறுபாடு அதில் இல்லை. கணவனும் மனைவியும் ஒரே மரபணுவில் ஒரே மாதிரிப் பழுதைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் குழந்தைக்கு அந்த நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. பிறவிச் செவித்திறன் குறைபாடுகளில் பல, தலசீமியா என்னும் ரத்த நோய், தசைகளைச் செயலிழக்க வைக்கும் சில நோய்கள் எல்லாம் இப்படி வருபவை.

சொந்தத்தில் கட்டும்போது இந்த வாய்ப்பு ஏன் கூடுகிறது? அத்தை மகளும் மாமன் மகனும் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து இழை எடுத்தவர்கள். அவர்களுடைய மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவானது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் அது நான்கில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. நாட்டில் இவ்விதத் திருமணம் அதிகமுள்ள மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. மருத்துவர் அந்தக் கேள்வியை முதலில் கேட்பது இதனால்தான்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. “நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லை, சாதிக்குள் அந்நியத்தில்தான் கட்டினோம், எங்கள் குழந்தைக்கும் ஏன் இப்படி?” என்று கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கான பதில் 2017-ல் வந்தது. ஐதராபாத்தில் இயங்கும் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரெய்ச்சும் அவர்களுடைய குழுவினரும் தெற்காசியச் சமூகங்கள் பலவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது இது. ஒப்பிட்ட 263 சமூகங்களில் 81 சமூகங்கள் மிகச் சில முன்னோர்களிடமிருந்து பெருகியவை. அந்த அளவு, அஷ்கெனாசி யூதர்களிடமும் பின்லாந்து மக்களிடமும் காணப்படுவதைவிடவும் தீவிரமானது. அந்த இரண்டு மக்களும் இத்தகைய மரபணு நோய்களுக்காக உலக மருத்துவ நூல்களில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர்கள். நம்முடைய 81 சமூகங்களில் 14 சமூகங்கள் ஒவ்வொன்றும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்டவை.

இதன் பொருளை நம் ஊர்ப் பாணியிலேயே சொல்லலாம். பத்துக் கோன் நூலை வைத்துக்கொண்டு பல்லாயிரம் மீட்டர் துணி ஓட்டினால், துணி எவ்வளவு நீளமானாலும் நூல் அதே பத்துக் கோனில் இருந்து வந்ததுதான். அதில் ஒரு கோனில் பழுது இருந்தால் அது துணி முழுக்கத் தலைகாட்டும். தலைமுறை தலைமுறையாக வெளியே பெண் கொடுக்காமல், வெளியிலிருந்து பெண் எடுக்காமல் இருந்த ஒரு சாதி, எத்தனை லட்சம் பேராகப் பெருகினாலும் மரபணுக் கணக்கில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம்தான். ‘அந்நியத்தில் கட்டினோம்’ என்று நினைப்பவர்களும் தமக்கே தெரியாத தூரத்துச் சொந்தத்தில்தான் கட்டியிருக்கிறார்கள்.

அறுவை அரங்கிலும் இது தெரிகிறது. மயக்க மருந்து கொடுக்கும்போது, சுவாசக் குழாயைச் செலுத்துவதற்காகத் தசைகளைச் சில நிமிடங்கள் தளர்த்த சக்சினைல்கோலின் என்ற மருந்து பயன்படுகிறது. ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி அதை விரைவில் சிதைத்துவிடும், மூச்சு திரும்பிவிடும். அந்த நொதி இல்லாதவர்களுக்கு மூச்சு திரும்பப் பல மணி நேரம் ஆகும். அதுவரை செயற்கை சுவாசம் வேண்டும். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் வாழும் ஆரிய வைசியச் சமூகத்தில் இந்தக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம் என்பதை மயக்கவியல் மருத்துவர்கள் அறிவார்கள். அதை எதிர்பார்த்து எச்சரிக்கையாக நடந்துகொள்வார்கள். இதில் அந்தச் சமூகத்துக்கு எந்த இழிவும் இல்லை. இவ்வாறு ஒரு மருந்து ஒரு சாதியாரின் உடலில் வேறு மாதிரி வேலை செய்யும் அளவுக்குத் திருமண வேலி ரத்தத்தில் இறங்கியிருக்கிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

சரி, இந்த வேலி எப்போது போடப்பட்டது? ‘ஆதியிலிருந்தே இப்படித்தான்’ என்று சொல்பவர்களுக்கு 2013-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு பதில் வைத்திருக்கிறது. அதையும் இதே சி.சி.எம்.பி., ஹார்வர்டு விஞ்ஞானிகள்தான் செய்தார்கள். 73 சமூகங்களை ஆராய்ந்ததில், ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தத் துணைக்கண்டத்து மக்கள் பரவலாக ஒருவரோடொருவர் கலந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. இன்று ‘மேல்சாதி’ எனப்படுவோர், ‘கீழ்சாதி’ எனப்படுவோர், காட்டில் தனித்து வாழும் பழங்குடிகள் என எல்லோரிடமும் அந்தக் கலப்பு இருக்கிறது. அதன் பிறகுதான் கதவு சாத்தப்பட்டது. மேற்கு வங்கத்தின் கல்யாணி நகரில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட ஆய்வும், ஆதிக்கச் சாதிகள் பலவற்றில் சுமார் 70 தலைமுறைகளுக்கு முன் இந்தக் கலப்பு நின்றுபோனது என்கிறது.

எனவே ‘தூய ரத்தம்’ என்று இங்கே எவரிடமும் இல்லை. கலந்து வாழ்ந்த மக்களைப் பிற்காலத்தில் ஒரு சட்டதிட்டம் பிரித்து அடைத்தது.

1916 மே 9 அன்று, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். அவர்தான் அம்பேத்கர். சாதியின் உயிர்நாடி எது என்பது அந்தக் கட்டுரையின் கேள்வி. தொழிலோ தீட்டோ உணவுப் பழக்கமோ அல்ல, அகமணம்தான் சாதியின் தனி அடையாளம் என்று அவர் நிறுவினார். மக்கள் பண்பாட்டால் ஒன்றாக இருந்தவர்கள், திருமணக் கதவைச் சாத்தியதால்தான் சாதிகளானார்கள் என்றார். 1936-ல் ‘சாதி ஒழிப்பு’ நூலில், சாதிகள் வெவ்வேறு இனங்கள் என்ற வாதத்தை மறுத்து, சாதி கடந்த மணமே உண்மையான மருந்து என்று எழுதினார். மரபணு என்றால் டி.என்.ஏ. என்பதே உறுதிப்படாத காலம் அது. சமூகத்தைப் படித்து அவர் கண்ட உண்மையை இன்று ரத்தத்தைப் படிப்பவர்கள் காண்கிறார்கள்.

இந்த வேலிக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு என்ற நோய், இரண்டு இழையும் நைந்தால் வரும் நோய்களில் ஒன்று. நரம்பு செல்களுக்குத் தேவையான ஒரு புரதம் போதிய அளவு உருவாகாமல் தசைகள் தளரும். கடுமையான வகையில் மூச்சும் நின்றுவிடும். இதற்கு ஸோல்ஜென்ஸ்மா என்ற ஊசி மருந்தை 2019-ல் அமெரிக்கா அனுமதித்தது. மருந்தை உடலில் சேர வேண்டிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் அறிவியலின் அற்புதம் அது. தீங்கு செய்யாத ஒரு வைரஸை எடுத்து, அதன் உள்ளே இருந்ததை இறக்கிவிட்டு, பழுதில்லாத மரபணுவை ஏற்றி அனுப்புகிறார்கள். சரக்கை மாற்றி ஏற்றிய லாரி போல அது நரம்பு செல்லின் வாசல்வரை போய் இறக்கிவிடுகிறது. ஒரே ஒரு முறை போட்டால் போதும்.

அந்த ஒரு முறைக்கு 2021-ல் விலை சுமார் 16 கோடி ரூபாயாக இருந்தது. 2021-ல் நம் கொங்குப் பகுதிக் குழந்தை ஒன்றுக்காக ஊர் உலகமெல்லாம் நிதி திரட்டியது பலருக்கும் நினைவிருக்கும். அந்தக் குழந்தை மருந்து பெற்றது மகிழ்ச்சி. ஆனால் எல்லாக் குழந்தைக்கும் உண்டியல் ஏந்த முடியுமா? அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்படி ஒன்றிய அரசு தரும் உதவியின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். தறி ஓட்டியும் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தும் வாழும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கே புரியாது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் மருந்து பிறக்கிறது, ஆனால் அது நம் தெருவுக்கு வந்து சேருவதில்லை.

இந்த ஆய்வுகளிலிருந்து தவறான முடிவுகளுக்கும் போகலாம். அவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

அஷ்கெனாசி யூதர்கள் 1970-களிலிருந்து திருமண வயதினருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, டே-சாக்ஸ் என்ற கொடிய குழந்தை நோயைப் பெருமளவு ஒழித்தார்கள். நல்ல செயல். அதையே இங்கே சாதிச் சங்கங்கள் கையில் எடுத்தால் என்ன ஆகும்? ஜாதகக் கட்டத்தோடு மரபணுக் கட்டமும் சேர்ந்து, சாதிக்குள் மணம் இன்னும் பத்திரமாகும். பரிசோதனை வேண்டும். அது சாதி கேட்காமல், அரசு மருத்துவமனையில், இலவசமாக, எல்லோருக்கும் வேண்டும்.

சாதி மாறிக் கட்டினால் எந்த நோயும் வராது என்பதும் உண்மையல்ல. இதயத் தசையைப் பாதிக்கும் ஒரு மரபணுப் பிழையைத் தெற்காசியரில் சுமார் 4 விழுக்காட்டினர் சுமக்கிறார்கள் என்று 2009-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதற்குச் சாதி வேலி தெரியாது. கணவன் மனைவி இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு குறையும் என்பதே சரியான சொல்.

எல்லாவற்றையும்விட மோசமான முடிவு, குழந்தையைப் பெற்ற தாயைக் குற்றம் சொல்வது. இரண்டு இழையில் ஒன்று தந்தையுடையது. அந்த அக்கா தன் திருமணத்தைத் தானே முடிவு செய்யவும் இல்லை.

நம் தெருக்களையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அருந்ததியர், பறையர், பள்ளர் என்று நமக்குள்ளும் அதே வேலியைப் போட்டு வைத்திருக்கிறோம். ஊர்த் தெருக்காரர் நமக்குப் பெண் தரவில்லை என்று கோபப்படும் நாம், பக்கத்துக் காலனியில் பெண் எடுக்க யோசிக்கிறோம். அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு அவர் சொன்ன மருந்தை மட்டும் குடிக்காமல் இருக்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். நோய்க்குப் பயந்துதான் சாதியை ஒழிக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மனிதரும் இன்னொருவருக்குக் கீழ் இல்லை என்ற ஒரே காரணம் போதும். ஆனால் ‘ரத்தம் கெட்டுவிடும்’ என்று சொல்லி அரிவாள் தூக்குகிறவர்களிடம், ரத்தம் கெடுவது வேலிக்குள்தான் என்று அறிவியலின் துணையோடு சொல்ல முடியும்.

அந்த மாணவிக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் கையில் பிடிக்கச் சில செய்திகள். குழந்தைக்குச் செவித்திறன் குறை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்த வழி இருக்கிறது. அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை கேட்கலாம். சாதி கடந்து மணப்போருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுத் திட்டத்தில் நிதியும் தாலிக்குத் தங்கமும் உண்டு. அவர்களைப் பாதுகாக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப் பிரிவு இருக்க வேண்டும் என்று 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பிரிவு நம் மாவட்டத்தில் எப்படி இயங்குகிறது என்று கேட்பது நம் எல்லோரின் கடமை.

“யாரைத்தானுங்க கட்டறது?” என்று கேட்டாயே தங்கச்சி. உன் மனசுக்குப் பிடித்தவரை, உன்னைச் சமமாக மதிப்பவரைக் கட்டிக்கொள். சாதி கேட்காதே. உங்கள் இருவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை மட்டும் கேள். உனக்கு முன்னால் அரிவாள் வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை, இந்த ஊரின் வேலை, அரசின் வேலை.