தோலைப் பதமாக்கும் துவர்ப்பு

நாட்றம்பள்ளியிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் போகிறவர்கள் புன்செய் ஓரங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையைப் பார்த்திருப்பார்கள். அதன் பட்டையில் ஒரு துண்டை மென்றால் வாய் சுருங்கும். இந்தத் துவர்ப்பைத் தரும் பொருளே டானின். இவ்வட்டாரத் தோல் தொழில் இதை நம்பியே வளர்ந்தது.

டானின் என்பது ஒரே பொருளன்று. ஒரு பெரிய குடும்பம். இதன் மூலக்கூறுகளில் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஏராளம். அவை நீரில் கரையும். புரதத்தைக் கண்டால் இறுகப் பற்றும். வாய் ஏன் சுருங்குகிறது? எச்சிலின் வழுவழுப்பான புரதங்களை டானின் பிடித்துக்கொள்வதால்தான்! பச்சைத்தோலிலும் இதுவே நடக்கிறது. கொல்லாஜன் என்னும் புரத இழைகளுக்கிடையே டானின் புகுந்து பிணைப்பதால் பாக்டீரியாவால் தோலை அழுகச் செய்ய முடிவதில்லை. சுமார் 60-65 டிகிரி செல்சியஸ் வெந்நீரிலேயே சுருங்கும் தோல், பதனிட்டபின் 75 டிகிரிக்கு மேலும் தாங்குகிறது.

ஆவாரம்பட்டைத் தோலுக்கு ஒரு குறை: வெயில் பட்டால் சிவக்கும். ஆகவே கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஊற வைத்தார்கள். அனுபவம் கண்ட நல்ல வேதியியல் இது.

பட்டைக்கு வாரக்கணக்கில் ஆகும் வேலையைக் குரோமிய உப்பு ஓரிரு நாளில் முடித்துவிடும். பெரும்பாலான ஆலைகள் அதற்கு மாறின. ஆனால் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்றது. பழைய முறைக்கே திரும்பினால் போதுமா? போதாது. பட்டைக் கழிவும் எளிதில் சிதையாது. நீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். தோலைக் கெடாமல் வைக்கும் உப்போ இரு முறைகளுக்கும் பொது.

செடியில் விளைந்ததெல்லாம் தீங்கற்றது என்பதும் சரியன்று. 1925 முதல் தீப்புண்ணுக்கு டானிக் அமிலம் பூசிவந்த மருத்துவர்கள், ஈரல் கெடுவதைக் கண்டு 1940-களில் அதைக் கைவிட்டனர். உணவில் வரும் சிறு அளவு அப்படிப்பட்டதன்று. எனினும் தேநீரின் டானின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். கெட்டியான தேநீரில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு வையுங்கள். சிறிது நேரத்தில் கறுக்கும். பழங்கால எழுதுமையும் இந்தக் கறுப்புத்தான். சோகையுள்ளவர்கள் சாப்பாட்டோடு தேநீர் அருந்தாமல் ஒரு மணி நேரம் தள்ளி அருந்துவது நல்லது.