வகிடு அகலும் வயது

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் முடி மெலிவதைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை. எளிதில் குணமாகக்கூடிய காரணங்களும் அந்த மௌனத்தில் மறைந்துபோகின்றன.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் முடி கொட்டுகிறது என்றால் முதல் குற்றவாளி தண்ணீர். காவேரித் தண்ணீர் வரும் நாளில் முடி நன்றாக இருக்கிறதாம், போர்வெல் தண்ணீரில் குளித்தால் சீப்பு நிறைய வருகிறதாம். இரண்டாவது குற்றவாளி ஷாம்பு. அடுத்து பெங்களூர் தூசி, பிள்ளைகள் தரும் கவலை, பக்கத்து வீட்டுக் கண் திருஷ்டி. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணும் இதே பட்டியலைத்தான் ஒப்பிப்பார். மாதவிடாய் நின்றுகொண்டிருக்கிறது என்ற விஷயம் மட்டும் பட்டியலில் வராது.

இந்தப் பகுதிக்கே இரண்டு பெயர்கள். கன்னட அகராதி தந்த ஜெர்மானியப் பாதிரியார் கிட்டலின் பெயரைச் சூட்டி எஃப். கிட்டல் நகர் என்று எழுதியாகிவிட்டது. ஆனால் ஆட்டோக்காரரிடம் ஆஸ்டின் டவுன் என்றால்தான் வேலை நடக்கும். பெண்களின் இந்தப் பிரச்சினைக்கும் டாக்டர்களிடம் ஒரு பெயர் இருக்கிறது: பெண் வகை முடி இழப்பு. வீட்டில் அதற்குப் பெயர், 'வயசாயிடுச்சு'.

வயது மட்டுமே காரணமா? தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை, மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. பிறகு சுமார் 3 மாதம் ஓய்வெடுத்து உதிர்கிறது. அதே வேரிலிருந்து புதிய முடி கிளம்புகிறது. தினமும் 50 முதல் 100 முடிகள் விழுவது இயல்பு. சீப்பைப் பார்த்துப் பதறத் தேவையில்லை.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரஜன் ஹார்மோன் குறைகிறது. பெண் உடலில் சிறிதளவு எப்போதும் இருக்கும் ஆண் ஹார்மோன்களின் கை அப்போது சற்று ஓங்குகிறது. பரம்பரையாக அதற்கு இளகிக்கொடுக்கும் வேர்களில் முடி வளரும் காலம் சுருங்குகிறது. விழும் முடிக்குப் பதிலாக வருவது முன்பைவிட மெல்லியதாகவும் குட்டையாகவும் இருக்கிறது. ஈஸ்ட்ரஜன் குறைவதற்கு இதில் எவ்வளவு பங்கு, பரம்பரைக்கு எவ்வளவு என்று நிபுணர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆணுக்கு நெற்றி ஏறும். பெண்ணுக்கு வகிடு அகலும். நெற்றியோர முடி பெரும்பாலும் அப்படியே இருக்க, உச்சியில் மட்டும் தோல் தெரிய ஆரம்பிக்கும். ஜெர்மானிய டாக்டர் லுட்விக் 1977-ல் இதை மூன்று நிலைகளாக வகுத்தார். இன்றும் டாக்டர்கள் அந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு ஆறுதல்: பெண்களுக்கு முழு வழுக்கை விழுவது அபூர்வம்.

மேலைநாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு அது 46, 47-லேயே வந்துவிடுகிறது. பெங்களூரிலேயே உள்ள சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் இன்னும் கவலையான ஒன்றைச் சொன்னது. 29 முதல் 34 வயதுக்குள்ளேயே சுமார் 4 சதவிகிதப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் அறிகுறிகள் வருகின்றன. 35 முதல் 39 வயதில் இது 8 சதவிகிதமாகிறது. ஆபரேஷனில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் அந்தப் பருவம் ஒரே நாளில் வந்துவிடும். ஆகவே முப்பத்தைந்து வயதில் வகிடு அகலும் பெண்ணிடம் 'உனக்கு அந்த வயசா ஆச்சு?' என்று கேட்பதில் அர்த்தமில்லை.

எல்லாப் பழியையும் ஹார்மோன் மீது போட்டுவிடுவதும் ஆபத்து. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் பலருக்கு ரத்தப்போக்கு தாறுமாறாகவும் அதிகமாகவும் இருக்கும். உடலில் இரும்புச்சத்து கரையும், அதன் விளைவாக முடியும் கொட்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. தைராய்டு கோளாறு தலைகாட்டுவதும் பெரும்பாலும் இந்த வயதில்தான். களைப்பு, எடை கூடுவது, தூக்கம் கெடுவது எல்லாம் 'அந்தப் பருவம்' என்று ஒதுக்கப்பட, தைராய்டு கண்டுபிடிக்கப்படாமலே கிடக்கும். கடும் காய்ச்சல், ஆபரேஷன், அதிர்ச்சி ஆகியவற்றுக்குப் பிறகு 2, 3 மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது வேறு ரகம். அது பெரும்பாலும் தானாகவே திரும்பி வளரும்.

தாமதிக்கக் கூடாத ரகம் ஒன்றும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்கள் சிலருக்கு நெற்றியோர முடி பட்டையாகப் பின்வாங்கி, புருவமும் உதிர்வதை ஆஸ்திரேலிய டாக்டர் கொசார்ட் 1994-ல் விவரித்தார். இதில் வேரே தழும்பாகிவிடும். போன முடி திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றச் சீக்கிரம் டாக்டரிடம் போவதுதான் வழி. எண்ணெய் மாற்றிப் பார்த்து ஓராண்டைக் கழித்தவர் அந்த ஓராண்டு முடியையும் இழந்திருப்பார்.

சிகிச்சைகளில் அதிகம் சோதிக்கப்பட்டது தலையில் தடவும் மினாக்ஸிடில். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து இது. சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்வதைக் கண்டு தடவும் மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988-ல் ஆண்களுக்கும் 1991-ல் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம். பயந்து பாதியில் விட்டுவிடுபவர்கள் நிறைய. பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். நிறுத்தினால் பலனும் போய்விடும். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகளையும் டாக்டர்கள் சிலருக்குத் தருகிறார்கள். கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்கள் அவற்றைத் தொடக் கூடாது. முடிக்காக மட்டும் ஹார்மோன் சிகிச்சை எடுப்பதை டாக்டர்கள் சிபாரிசு செய்வதில்லை.

பலரும் தாங்களாகவே விழுங்கும் பயோட்டின் மாத்திரை, அந்தச் சத்துக் குறைவு இல்லாதவருக்கு உதவுவதாக ஆதாரம் இல்லை. உபத்திரவம் உண்டு. தைராய்டு, மாரடைப்பு ரத்தப் பரிசோதனைகளின் முடிவுகளை அது குழப்பிவிடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்தது. பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் நிரபராதியா? பாதி. உப்புத் தண்ணீர் முடியை வறட்டி உடையச் செய்யலாம், வேருக்கு ஒன்றும் செய்யாது. தேங்காய் எண்ணெய் முடி இழையைப் பாதுகாக்கும், புது முடியை முளைக்க வைக்காது. இறுக்கிப் பின்னிய சடையும் பாரமான பூவும் ஆண்டுக்கணக்கில் இழுத்தால் வேர் தளர்ந்துவிடும். வழுக்கையைப் போக்குவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று இந்திய மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையே சொல்கிறது. விளம்பரங்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியன் சபையில் வாதம் நடந்ததாகக் கதை சொல்லும் சமூகம் இது. கூந்தல் குறைந்தால் மங்கலமே குறைந்ததாக ஒரு பெண் கூனிக்குறுகுவதில் ஆச்சரியமில்லை. கல்யாண வீட்டில் முன்வரிசையைத் தவிர்ப்பார். போட்டோ எடுத்தால் முந்தானையைத் தலைக்கு இழுப்பார். கணவரின் வழுக்கையோ வீட்டில் நகைச்சுவை.

சவுரி வைப்பதோ, விக் அணிவதோ, முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வதோ அவரவர் விருப்பம். எதுவும் அவமானமில்லை. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, ஒரு தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும். கடைசியாக மாதவிடாய் வந்த தேதியையும் அவரிடம் சொல்ல வேண்டும். எந்த எண்ணெய் தேய்க்கிறோம் என்பதைவிட அவருக்கு உதவப்போவது அந்தத் தேதிதான்.