குடும்பம் ஒரு வழி, வருமானம் ஒரு வழி

அமெரிக்காவில் வருமான வரிப் பத்திரத்தில் முகவரி மாறுவதை வைத்து, ஒரு பகுதிக்கு எத்தனை வீட்டார் வந்தனர், எத்தனை பேர் போயினர், அவர்களோடு எவ்வளவு வருமானம் போயிற்று என்று கணக்கெடுக்கின்றார்கள். ஆள் போனால் வருமானமும் கூடவே போகும் என்பது அக்கணக்கின் எண்ணம். அளவெட்டியில் அது சரிவராது.

1990 யூனில் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கத்து மக்கள் தெற்கே நகர்ந்தனர். குடும்பம் வந்தது, தோட்டமும் கிணறும் வரவில்லை. சீமெந்துத் தொழிற்சாலை நின்றதால் மாதச் சம்பளமும் நின்றது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்து, 1996இல் பலர் திரும்பினர். வெளிநாடு போனவர்களின் கதை வேறு. ஆள் அங்கே, பணம் மட்டும் இங்கே. யாழ் மாவட்டத்தில் 1981இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தனர். 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேரே.

இவ்விரு பெயர்வுகளும் சந்திக்கும் இடம் குத்தகைத் தோட்டம். வெளிநாடு போனவரின் செம்மண் தரையை இடம்பெயர்ந்தவர் எடுத்து வெங்காயமும் புகையிலையும் செய்கிறார். பெரும்பாலும் வாய்ப்பேச்சுத்தான். எருவும் இலைகுழையும் தாட்டு அவர் வளப்படுத்துவது மற்றவர் மண்ணை. தரையை விடும்போது அந்த முதலைக் கையில் கொண்டுபோக முடியாது. குத்தகைக் காசைவிடப் பெரிய செலவு இதுதான். ஆனால் எவரும் இதைக் கணக்கில் எழுதுவதில்லை.

காணி விடுவிக்கப்பட்டதும் ஒரே நாளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விடலாம். வருமானம் அப்படி வராது. பற்றை வெட்ட வேண்டும், எல்லை பிடிக்க வேண்டும், கிணறு இறைத்துத் துப்புரவாக்க வேண்டும். பல ஆண்டு எருக் காணாத மண் முதற் போகத்திலே பழைய விளைச்சலைத் தராது. ஆகவே குத்தகைத் தரையை உடனே விட்டுவிடாதீர்கள். குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருந்து, வீட்டில் ஒருவர் மட்டும் போய்ச் சொந்தத் தரையைத் திருத்தட்டும். எத்தனை பரப்பு, எந்தப் போகம் வரை என்று உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அவர் கனடாவில் இருந்தாலும் கடிதம் ஒன்று அனுப்பலாம்தானே.

உங்கள் சொந்தக் கிணறு பங்குக் கிணறாயின், பற்றையில் கைவைக்கும் முன் பங்காளிகளைத் தேடுங்கள். ஒருவர் காலமாகியிருப்பார், ஒருவர் கடல் கடந்திருப்பார். இறைப்பு முறையை இருப்பவர்களோடு பேசி முடித்த பின்பே மிசினுக்குச் செலவழியுங்கள்.