காக்கும் கருவிகள் – 9: ஈரம் கண்ட மருந்து

சென்ற வாரம், 1959-இல் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்றுமுனை சீட் பெல்ட்டைப் பார்த்தோம். இந்த வாரம் அதன் துணைவனான ஏர்பேக்.

ஸ்டீயரிங்கின் நடுவே மடித்து வைத்த நைலான் பை. அதன் பின்னால் இன்ஃப்ளேட்டர் எனும் உலோகக் குடுவை. குடுவைக்குள் வில்லை வில்லையாக அழுத்திய ரசாயனம். பட்டாசுத் தொழிலாளர் வழக்கில் சொன்னால், மருந்து. கார் மோதியதை சென்சார் உணர்ந்ததும் மின்சாரம் பாய்ந்து மருந்து பற்றிக்கொள்ளும். கிளம்பும் வாயுவை உலோக வலை வடிகட்டிப் பைக்குள் அனுப்பும். கண் இமைப்பதற்குள் பை விரிந்துவிடும்.

தொடக்கத்தில் இந்த மருந்து சோடியம் அசைடு. எரிந்தால் தீங்கற்ற நைட்ரஜனைத் தரும். எரியாமல் கிடந்தாலோ கொடிய நஞ்சு. மாற்று தேடிய காலத்தில், ஜப்பானின் டகாட்டா நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டைத் தேர்ந்தெடுத்தது. வயலுக்கு உரமாகவும் குவாரிக்கு வெடியாகவும் பயன்படும் அதே உப்பு. விலை மலிவு. எரிந்தால் ஏறத்தாழ முழுவதும் வாயுவாகிவிடும் என்பதால் குடுவையையும் சிறிதாக்கலாம்.

ஆனால் அது ஈரத்தை இழுக்கும் உப்பு. மழைக்காலத்தில் உப்பு ஜாடிக்குள் நாலு அரிசி போட்டு வைக்கத் தெரிந்தவர்கள் நாம். டகாட்டாவின் பெரும்பாலான குடுவைகளில் ஈரம் உறிஞ்சும் பொருள் எதுவும் இல்லை.

பகலில் காருக்குள் வெப்பம் ஏறும், இரவில் இறங்கும். ஆண்டுக்கணக்கில் இது தொடர, உள்ளே நுழைந்த ஈரம் வில்லைகளைச் சிறுகச் சிறுகக் கெடுத்தது. வில்லைகளில் நுண்துளைகள் விழுந்தன. துளை விழுந்த மருந்தில் தீப்பிடிக்கும் பரப்பு அதிகம். சீராக எரிய வேண்டியது சீறி எரிந்தது. அழுத்தம் தாங்காமல் குடுவை வெடித்து, உலோகச் சில்லுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்தன. பிழைக்கக்கூடிய சிறு மோதல்களிலும் மனிதர்கள் இறந்தார்கள். உலகெங்கும் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

காரணத்தைக் கண்டறிய 10 கார் நிறுவனங்கள் கூடி, ராக்கெட் எரிபொருளில் தேர்ந்த ஆர்பிட்டல் ஏடிகே நிறுவனத்தை அமர்த்தின. 2016 பிப்ரவரியில் அது மூன்று காரணங்களைச் சொன்னது: ஈரம் உறிஞ்சும் பொருள் இல்லாத அம்மோனியம் நைட்ரேட், ஈரத்தை முழுமையாகத் தடுக்காத குடுவை அமைப்பு, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் நீண்டகால இருப்பு. மூன்றும் ஒன்று சேர்ந்த இடத்தில்தான் ஆபத்து. ஃப்ளோரிடா போன்ற கடலோரப் பகுதிகளின் கார்கள் முதலில் கவனிக்கப்பட்டது இதனால்தான்.

சோதனை முடிவுகளைத் திரித்துக் காட்டியதை 2017 ஜனவரியில் டகாட்டா அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூனில் திவாலானது. உலகெங்கும் சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

புதிதாக இருக்கும்போது தேறியது என்பது பாதுகாப்புக் கருவிக்குப் போதாது. வெயிலிலும் புழுக்கத்திலும் பதினைந்து ஆண்டுகள் கிடந்த பிறகும் தேற வேண்டும். மருந்தின் முதுமையையும் சேர்த்துச் சோதிப்பதே நேர்மையான பொறியியல்.

இந்தியாவிலும் ஹோண்டா உள்ளிட்ட நிறுவனங்கள் கார்களைத் திரும்ப அழைத்தன. கடற்காற்றும் கத்திரி வெயிலும் சேர்ந்த ஊர்கள் நம்முடையவை. பழைய கார் வாங்கியவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். ரீகால் கடிதம் முந்தைய உரிமையாளர் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணை எடுத்து, நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ இன்றே சரிபாருங்கள். பட்டியலில் உங்கள் கார் இருந்தால், இன்ஃப்ளேட்டரை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

(தொடரும்)